கைகுலுக்கும் போட்டோ

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை திரிபுரசுந்தரி கேட்டார்.

"ஷ்யாம்சுந்தர் சார், நீங்க ரைட்டர். திங்கட்கிழமை அசெம்பிளியில படிக்கிறதுக்கு, கேலி பண்ணக்கூடாதுன்னு ஒரு பக்கத்துல கதை வேணும். பசங்க மனசுல பதியணும்."

பெற்றோர் சங்கத்தில் வேறு இருக்கிறேன். மறுக்க முடியுமா? பதிகிற மாதிரி எழுதுவது எப்படி என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆரம்பம் (அடித்தது): முடிச்சூர் சாலையில் அந்தக் காலை...

ஆரம்பம் (இதையும் அடித்தேன்): ஜான்சி மிகவும் நல்ல பெண். யாரிடமும் அதிர்ந்து...

நல்ல பெண்ணாக இருந்தால்தான் இரக்கப்படுவீர்களா? அடச்சே. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

2

ஏழாம் வகுப்பு ஜான்சி படப்பையில் பள்ளி வேன் ஏறுவாள். எந்த சீட்டை நெருங்கினாலும் அதில் ஒரு பை வந்து உட்காரும். "ஆள் வருது." தாம்பரம் வரை நின்றுகொண்டே வருவாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பைதான் வைத்தார்கள்.

வரப்போகும் அந்த ஆட்களில் ஒருத்தி, மண்ணிவாக்கத்தில் ஏறும் என் மகள் மாளவிகா. (அவள் பை வைக்கவில்லை, அவளுக்காக மற்றவர்கள் வைத்தார்கள். அப்பாக்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.)

ஏன் ஜான்சி? நிறம், பேச்சு, அம்மாவின் வேலை என்று மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் தப்பு அவளிடம் இருப்பது போல ஆகிவிடுகிறது. மூன்றையும் எடுத்துவிட்டேன்.

3

ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் ஜான்சியின் அம்மா தனம் வந்து புகார் சொன்னார். இந்தப் பள்ளியில் புகாருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தரப்பையும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு, கைகுலுக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். பிரச்சினை தீர்ந்தது.

பை வைத்தவர்களோடு ஜான்சி கைகுலுக்கியபோது, பெற்றோர் சங்கத்து ஆளாகப் போட்டோ எடுத்தது நான். முதல் தடவை எடுத்தபோது ஜான்சி மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். "சிரிம்மா" என்றேன். இரண்டாவதில் சிரித்தாள். அதைத்தான் குழுவில் போட்டேன். முப்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

(அந்த "சிரிம்மா"வைத் தலைமையாசிரியை வாயில் போட்டுப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.)

4

இரண்டே நாளில் பிள்ளைகளின் போன்களில் ஒரு ஸ்டிக்கர் சுற்றியது. ஜான்சி அழுகிற முகம், கீழே "ஆள் வருது". அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

சனிக்கிழமை தனம் எனக்குப் போன் செய்தார். "இஸ்கூலுன்னாலே வயித்த வலிக்குதுன்றா சார். திங்கக்கெழம வந்து டி.சி. வாங்கிக்கறேன். இன்னா பண்றது?"

"யார் செஞ்சதுன்னே தெரியலையே சார்" என்றார் திரிபுரசுந்தரி.

எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகிற போட்டோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அது என் போனில் மட்டும்தான் இருந்தது. என் போனைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான்.

5

முடிவு ஒன்று: பிரேயரில் மாளவிகா ஜான்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (கைதட்டல் நிச்சயம். ஆனால் இதுவும் இன்னொரு போட்டோதான்.)

முடிவு இரண்டு: ஜான்சி டி.சி. வாங்கிப் போகிறாள். அன்று காலை, நான் எழுதிய கதையை மைக்கில் உருக்கமாக...

வேண்டாம். மாளவிகாவையே கேட்டேன்.

"எல்லாரும்தான்ப்பா ஸ்டிக்கர் போடறாங்க. சும்மா ஃபன்னுக்கு." பிறகு, "என் பேரச் சொல்லிடுவியாப்பா?"

எனக்குப் பயமாக இருந்தது. ஜான்சிக்காக இல்லை, என் பெண்ணுக்காக. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று ஞாயிறு, மதியம் மூன்று மணி. டி.சி. வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் தனத்துக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"யாருன்னு தெரிஞ்சிச்சா சார்? தப்பு தன் மேலதான்னு சொல்லிகினு கீறா சார் என் பொண்ணு. யார் பண்ணாங்கன்னு தெரிஞ்சா, உன் மேல தப்பில்லடின்னு சொல்லுவேன். அது போதும் சார்."

மாளவிகா கதவருகே நின்று என் வாயையே பார்க்கிறாள்.

அடுத்த வரி நான் பேசவேண்டியது. எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள், கொஞ்சம் சீக்கிரம். தனம் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.