பதினேழாம் ஆள்

தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் மனிதன் ஏன் அந்தப் பக்கமே காலை வைக்கிறான் என்ற ஒரே கேள்வியோடு சுஹைராவுக்குப் பதினாலு வருடம் போயிருந்தது. நடத்தைப் பொருளியல் என்று அந்தத் துறைக்குப் பெயர். வெளிநாட்டில் படித்து, பல்கலைக்கழகத்தில் முதுநிலை விரிவுரையாளராகி, கடைசியில் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான கிண்ணியாவுக்கே வந்தாள். குடாவில் டைனமைட் எறிந்து மீன் பிடிக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்தாள். கூட வந்தவனின் கை சிதறியதைக் கண்டுவிட்டு, அடுத்த நாளே திரி கொளுத்துகிற ஆட்கள் அவர்கள். பேரை வெளியில் விடமாட்டேன் என்று அவள் கொடுத்த வாக்கை நம்பி நாற்பது பேர் கதைத்தார்கள்.

பதினேழாவதாகக் கதைத்தவன் குறிஞ்சாக்கேணி இஹ்ஸான். மற்றவர்கள் தொடாத இடத்தையும் அவன் தொட்டான். வெடி எங்கிருந்து வருகிறது, ஐஸ் பெட்டியில் எந்த மீனுக்குக் கீழே படுத்து வருகிறது என்று எல்லாம் சொன்னான்.

கட்டுரையில் 'பதினேழாம் ஆள்' என்று மட்டும் குறித்த அவனை மறைக்க அவள் நன்றாகவே மெனக்கெட்டாள். இஹ்ஸானுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். அவள் மூன்று பெண் பிள்ளைகள் என்று எழுதினாள். அவனுக்கு இரண்டு காதும் கூர்மை. வெடிச் சத்தத்தில் ஒரு காது அடைத்துப்போனவன் என்று எழுதினாள். அந்தக் கட்டுரையின் சாரத்தை ஒரு பத்திரிகை தமிழில் போட்டது. பத்தே நாளில் பொலிஸ் ஐஸ் பெட்டிகளைக் கிளறி, வெடி கொண்டுவந்த இரண்டு பேரைப் பிடித்தது.

மூன்று பெண் பிள்ளைகளும் ஒரு செவிட்டுக் காதும் உள்ள ஒருவன் குறிஞ்சாக்கேணியில் உண்மையாகவே இருந்தான். அவன் பெயர் நௌபர். சுஹைரா அவனை ஒரு நாளும் சந்தித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகை முடிந்த நேரம் அவளுடைய தொலைபேசி அடித்தது.

"ராத்தா, நான் நௌபர்ட பொஞ்சாதி பஸ்மியா. உங்கட நம்பர் பள்ளிவாசல்ல தந்தாங்க. அவரை இழுத்துக்கொண்டு போயிட்டாங்க. நீங்க எழுதின ஆள் அவராம். அவர் உங்களோட கதைச்சவரா?"

"இல்ல."

"அப்ப வந்து சொல்லுங்க ராத்தா. கொல்லப் போறாங்க."

ஓட்டோ கடலோரக் களப்புக் கரையில் நின்றபோது அடி விழுகிற சத்தம் முதலில் கேட்டது. கரையேற்றி வைத்த வள்ளத்தின் பின்னால் ஆறேழு பேர். நௌபரின் வலது கையை வள்ளத்தின் விளிம்பில் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். விரல்கள் ஏற்கெனவே விரல்களாக இல்லை. முகத்தில் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. வாயிலிருந்து வழிந்த இரத்தம் இடுப்புச் சாரத்தை நனைத்திருந்தது. அவன் கத்தவில்லை, கத்துகிற கட்டம் தாண்டியிருந்தது.

பொல்லை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தவன் இஹ்ஸான்.

அவளைக் கண்டதும் பொல்லு பாதி வழியில் நின்றது. பிறகு முன்னிலும் வேகமாக நௌபரின் விலாவில் இறங்கியது. உள்ளே எதுவோ முறிந்த சத்தம் சுஹைராவின் காதுக்கு வந்தது.

வெடி விற்கிற றுவைஸ் கையில் பெரிய ஸ்பானரோடு திரும்பினான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மிஸ். இவன்தானே பதினேழு? இல்லயெண்டா ஆரெண்டு சொல்லுங்க. இவனை விட்டுர்றன்."

இப்படிப்பட்ட தெரிவுகளைத் தாளில் வரைந்து எத்தனையோ மாணவர்களுக்குப் படிப்பித்தவள் அவள். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைக் கொடுப்பாயா என்று கேட்டு, விடைகளைச் சதவீதமாக்கி எழுதியவள். இஹ்ஸான் அவளைப் பார்க்கவில்லை.

"பதினேழு எண்டு ஒரு ஆளே இல்ல," என்றாள்.

"என்ன?"

"முப்பத்தொன்பது பேர்தான் கதைச்சாங்க. நாற்பது காட்டோணும் எண்டு ஒருத்தரை நானே உண்டாக்கி எழுதினனான். பெண் பிள்ளைகள், செவிட்டுக் காது, எல்லாம் என்ட கற்பனை."

"ஐஸ் பெட்டி?"

"அது கிண்ணியாவுல ஆருக்குத் தெரியாது?"

றுவைஸ் அவள் கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்தவளின் வாய்க்குள் மண்ணும் இரத்தமும் ஒன்றாகின. மயிரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"ஃபோனுக்கு முன்னால சொல்லுங்க. உங்கட பேரையும் சொல்லுங்க, படிச்ச படிப்பையும் சொல்லுங்க. நீங்க கள்ளியெண்டு ஊர் பார்க்கட்டும்."

அவள் தன் பேரைச் சொன்னாள். பட்டத்தைச் சொன்னாள். ஆய்வில் பொய் எழுதினேன் என்று இரண்டு தரம் சொன்னாள், முதல் தரம் சத்தம் காணாது என்றார்கள். அதன் பிறகுதான் கயிற்றை அறுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நௌபரின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் சுஹைரா பார்க்கப் போனபோது, பஸ்மியா அவனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். அவன் நல்ல காதை சுஹைராவின் பக்கம் திருப்பினான்.

"மிஸ், உண்மையாகவே ஆளில்லயா?"

"இல்ல."

"இஹ்ஸான்ட அடிதான் எல்லாத்திலயும் பாரமா விழுந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்ல. யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வீடியோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. மூன்று பேராசிரியர்கள் விசாரித்தார்கள். மிரட்டித்தான் அப்படிச் சொல்ல வைத்தார்களா என்று ஒருவர் தயவாகவே கேட்டார். பதினேழாம் ஆளின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் போதும் என்றார். விசாரணை என்ற கடிதம் கிடைத்த அன்றே அவள் அந்தப் பதிவை அழித்திருந்தாள். இஹ்ஸானின் குரல் ஊருக்குத் தெரிந்த குரல்.

"ஒலிப்பதிவு இல்லை," என்றாள். "அந்த ஆளை நான்தான் உண்டாக்கினேன்."

வேலை போனது. ஒன்றில் பொய் எழுதியவள் எதில் எழுதியிருக்கமாட்டாள் என்று, பதினாலு வருடக் கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெறப்பட்டன. உண்மையாக எழுதியவை எல்லாமே அதோடு போயின. அவளுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, விரல் முட்டிகள் கிழியும்வரை ஒரு நாள் சுவரில் குத்தினாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இஹ்ஸான் வந்தான். கதிரையில் உட்காரவில்லை.

"நான் போய்ச் சொல்லப்போறன் மிஸ். உங்கட யுனிவர்சிட்டிப் பெரியாக்களிட்ட."

"அது றுவைஸ்ட காதுக்கு எத்தனை நாள்ல வரும்? பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க தம்பி."

அவன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். "அண்டைக்கு எனக்குப் பயம்தான். பயமெண்டா ஒளிச்சிருக்கலாம், ஓடியிருக்கலாம். நான் ஏன் முன்னுக்குப் போய் அடிச்சனான்? இதெல்லாம் படிச்சனீங்கதானே, சொல்லுங்க."

"தெரியாது," என்றாள் சுஹைரா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. "என்னட்ட வராதீங்க. அந்தக் கேள்வியோட நௌபரிட்டப் போங்க."

அவன் போனான். நடந்ததைப் பிறகு பஸ்மியாதான் சொன்னாள். இஹ்ஸான் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை நௌபர் பொறுமையாகக் கேட்டிருந்தானாம். கிட்ட வா என்றானாம். வந்ததும் இடது கையால் துடுப்பை எடுத்து வாயிலேயே அடித்தானாம். பல்லுகள் தெறித்தன. இஹ்ஸான் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடியில் முழந்தாளில் விழுந்தான். மூன்றாவதுக்கு ஓங்கிய துடுப்பை நௌபர் அப்படியே கீழே போட்டுவிட்டு, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டான்.

பல்லு எப்படிப் போனது என்று ஊர் கேட்டபோது, வள்ளத்து எஞ்சின் கைப்பிடி திருப்பி அடித்தது என்று இஹ்ஸான் சொன்னான். நௌபரும் ஓம், நானும் கண்டனான் என்றான்.