அடுத்து எடுத்த படம்

மகேஷ்குமார் புதிதாக வாங்கிய வைட் லென்ஸில் வீட்டாரை நிறுத்தி எடுத்த முதல் படத்தில், ஓரத்தில் நின்ற அவன் மனைவி அஜிதாவின் முகம் பிசைந்த மாவை இழுத்த மாதிரி நீண்டு கிடந்தது.

“இது நானா?”

“வைட் லென்ஸ் அப்படித்தான். ஓரத்துல நிக்கற ஆளு இழுபடும்.”

“அப்ப என்னை நடுவுல நிறுத்துங்கோ.”

“நடுவுல அம்மா அல்லே?”

படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது அந்த ஓரத்தை வெட்டிவிட்டான். நாகர்கோவிலிலிருந்து அவளுடைய அக்கா கூப்பிட்டு, “படத்துல உன்னைக் காணலியே, எங்கட்டி போன?” என்று கேட்டாள்.

“சமையல்கட்டுல நின்னேங்கா” என்று சொல்லிவைத்தாள் அஜிதா.

கழக்கூட்டத்து ஆபீஸ் விட்டு வலியசாலை வீட்டுக்கு வந்தால், மலையாளத்து மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அவனுக்குக் கேமராதான். பல்லியை எடுத்தான், துருப்பிடித்த தாழ்ப்பாளை எடுத்தான். கட்டிக்கொண்டு வந்தவள் முகத்தை ஒருதரம் ஒழுங்காக எடுத்ததில்லை. வாய்விட்டே கேட்டாள்.

“கண்டதையெல்லாம் எடுக்கீங்க. என்னை ஒண்ணு எடுங்களேன்.”

“எடுக்காம். ஞாயிறாழ்ச்ச உன்னை அடுத்து எடுக்காம்.”

இனி உன் முறை என்றுதான் அது அவள் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டு உடுத்தி, பிச்சிப்பூ வைத்து, மையிட்டு வந்து நின்றாள். அவனோ குப்புறப் படுத்தான்.

“இதென்ன, தரையில கெடந்து?”

“அசையாம நில்லு. அடுத்து எடுக்காம்னு சொன்னேனே. இந்த லென்ஸை ஒரு சாண் அடுத்து கொண்டு வந்தா நூலிழைகூடத் தெரியும்.”

அப்போதுதான் விளங்கியது. அவன் சொன்னது மலையாளத்து ‘அடுத்து’. கிட்டத்தில் என்று அர்த்தம். கேமரா அவள் குதிகாலுக்குக் கிட்டத்தில் இருந்தது.

“முகம்?”

“முகத்துல என்ன இருக்கு? இந்த வெடிப்பைப் பாரு, என்னா ஒரு டெக்ஸ்சர்!”

அவன் உறுப்பினராக இருந்த கேமரா சங்கத்தின் கண்காட்சியில் அந்தக் குதிகால் கதவு உயரத்துக்குத் தொங்கியது. கீழே ‘வறட்சி’ என்று பெயர். வெடிப்பு ஒவ்வொன்றும் வாய்க்கால் போலப் பிளந்திருந்தது. அஜிதா கணவனுக்குப் பின்னால் நின்றாள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ரெனி, கழுத்தில் கேமராவோடு ஓடி வந்தாள்.

“சாரே, சூப்பர்! யாருட காலு இது?”

மகேஷ்குமார் தொண்டையைச் செருமினான். “வீட்டுல வேலைக்கு வர்ற ஒரு சேச்சி.”

“அந்த சேச்சிட நம்பர் தரலாமா? எனக்கும் எடுக்கணும்.”

அஜிதா முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, வெள்ளைத் தரையில் வலது காலைத் திருப்பி வைத்தாள்.

“இந்தக் காலுதான். நம்பர் அவர்ட்ட இருக்கு. தாலி கட்டின அன்னைக்கே வாங்கிட்டாரு.”

“அஜிதா, செருப்பைப் போடு. ஆளுகள் பாக்குது.”

“பாக்கட்டும். ஆளுகள் பாக்கத்தானே மாட்டியிருக்கீங்க?”

அவன் அடுத்த படத்தை நோக்கி நகர்ந்தான், யாரோ கூப்பிட்ட மாதிரி.

ரெனி படத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அஜிதா தலையை நிமிர்த்தி அவளுக்கு நேரே நின்றாள், ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று.

“அய்யோ, ஒரிஜினல்!” என்ற ரெனி கேமராவோடு தரையில் முட்டி போட்டாள்.