மார்ச் மாதத்து ஏற்றம்

...வேகம் என்றுதானே சொன்னார், ஒரு தடவையா, மூன்று தடவை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கணினி நிரல்மொழி பரவ வேண்டுமென்றால் அது வேகமாக ஓட வேண்டும், என் மொழி ஓடுகிறது, அதனால்தான் பரவுகிறது என்று, இருபது பேர் பார்த்திருக்க, திரையில் பயனர் எண்ணிக்கையைக் காட்டும் அந்தக் கோடு மேலே மேலே ஏற... வேலாயுதம் சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் கூட்டம் நடந்த கடைவீட்டின் மாடிப்படி இறங்கி நடந்தார், ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல். பதினோரு வருடம், விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து தனியாளாக அவர் உருவாக்கிய மொழி 'சரடு'. பத்து வருடமாக நாற்பது பேரைத் தாண்டாதது இந்த வருடம் மூவாயிரம் பேரிடம் போயிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பெருமைப்பட்டதில் தப்பில்லை, தப்பு எங்கே என்றால்... கூட்டத்தை நடத்திய ரஞ்சன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். "சார், வேகத்தக் கூட்டுன புது கம்பைலர் ஜனவரியிலயே வந்துருச்சுலா. ஆனா ஏத்தம் மார்ச்சுலதானே ஆரம்பிக்குது? மார்ச்சுலதான் முனீராவோட கையேடு வந்துச்சு. நாங்கல்லாம் அதப் படிச்சுத்தான் கத்துக்கிட்டோம்." எந்தக் கையேடு, எந்த முனீரா? தெரியாததை மறைக்க ஒரு சிரிப்பு சிரித்தாரே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கடைசி வரிசையில் எழுந்தவர் முக்காடு போட்ட பெண், முப்பது வயது இருக்கும், சுவா சூ காங்கில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலையாம். "நான்தான் சார். மூணு வருஷம் முன்னாடி உங்க இணையக் குழுவுல ஒரு கேள்வி கேட்டேன், முதல் நிரலே ஓடலைன்னு. இதுகூடப் புரியலேன்னா இது உங்களுக்கான மொழி இல்லன்னு பதில் போட்டீங்க." கோபமாகவாவது சொல்லியிருக்கலாம், பேருந்து எண் சொல்வது போலச் சொன்னார். "அப்புறம் நானே தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டேன். எனக்கப்புறம் வர்றவங்க திரும்பிப் போயிடக் கூடாதேன்னு எழுதுனேன், அவ்வளவுதான்." வேலாயுதத்துக்கு அது நினைவே இல்லை, அதுதான் கொடுமை, நினைவில் நிற்காத அளவுக்கு அப்படி எத்தனை பதில் போட்டிருக்கிறார்? அலுவலகத்தில் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, ஒரு வரி, அதோடு ஒருவர் போய்விடுவார், இன்னொருவர் வருவார், அவரும் போவார்... மிஞ்சிய நாற்பது பேரைத் தேர்ந்த கூட்டம் என்று வேறு பேசித் திரிந்தாரே. சரி, அப்போதாவது மன்னிப்புக் கேட்டாரா? "நல்லது, தொடர்ந்து எழுதுங்க" என்றார். யாருக்கு யார் அனுமதி கொடுப்பது?

சிராங்கூன் சாலைக்கு வந்துவிட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கிக் கைப்பேசியில் அந்தக் கையேட்டைத் தேடித் திறந்தார். 'நிரல் ஓடவில்லையா? பயப்படாதீர்கள், முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான்.' இதுதான் முதல் வரி. அவர் எழுதி வைத்த, அவருக்கு மட்டுமே புரிந்த பிழைச்செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வந்தால் இங்கே பாருங்கள், இது வந்தால் அங்கே ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும் என்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல... இதை எழுத ஒரு மாலை போதுமே, பதினோரு வருடத்தில் அவருக்கு ஒரு மாலை கிடைக்கவில்லையா, இல்லை, வருகிறவர்கள் கஷ்டப்படட்டும் என்றே இருந்தாரா? "அண்ணே, பூ வேணுமா?" என்றார் கடைக்காரப் பெண். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, கையேட்டின் கீழே கருத்து எழுதும் கட்டத்தைத் தொட்டார், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், இப்போதே, நாளைக்கு என்றால் மனம் மாறிவிடும். அன்புள்ள முனீரா என்று தொடங்கி நாலு வரி வேகமாக எழுதி, அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்தார். 'அன்புள்ள முனீரா, கையேடு நன்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு சிறு பிழை உள்ளது...' மன்னிப்பு எங்கே? எழுத நினைத்தது ஒன்று, விரல் எழுதியது இது. முழுவதையும் அழிக்கப் போனவர், அழிக்கும் முன், அது பிழைதானா என்று மூன்றாம் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தார்.

பிழைதான்.