இரண்டாவது சாட்சி

வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுக வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பூரணியின் அப்பா அருளம்பலம் கதை சொல்லத் தொடங்கினால் தட்டில் சோறு ஆறிப்போகும். கூலி கூட்டிக் கேட்டுத் தொழிலாளர்கள் கப்பல் அணையும் ஜெட்டியில் குந்தியதும், தலைவன் யாரென்று துரை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டதும், ஒருவரும் வாய் திறக்காததும் அவளுக்கு மனப்பாடம். வாய் திறக்காத இடம் வந்ததும் அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். அவர் இதைச் சொல்லிவந்தது இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் ஆமிக்குப் பக்கத்தில் நின்று தலையசைத்தால் போதும், பெடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தலையாட்டிகளை அப்பா திட்டுகிற திட்டு காதில் விழுந்தால் அம்மா ஓடிப்போய் யன்னலைச் சாத்துவாள். ஊரே பயந்து கிடக்கையில் தன் அப்பா ஒருவர்தான் ஆம்பிளை என்று பூரணி நினைத்திருந்தாள்.

ஆகவே, வரலாற்றுப் பாடத்துக்கு முதலாவது ஆய்வு முன்மொழிவு எழுதச் சொன்னபோது அவள் தலைப்புக்கு அலையவில்லை. அப்பாவின் கதையை அப்படியே நம்பி எழுதிக் கொடுத்தாள். விரிவுரையாளர் அதைத் திருப்பித் தந்தார். ஒருவருடைய வாய்க்கதை மட்டும் காணாது, அங்கே நின்ற இன்னொருவரையும் விசாரித்து எழுதினால்தான் ஏற்றுக்கொள்வேன் என்றார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தலைவராக இருந்த கிண்ணியாப் பக்கீர் எப்போதோ செத்துப்போனார், இனி யாரைத் தேடப்போகிறாய் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கூடப் படிக்கும் ஸுல்பிகா, பக்கீர் தங்கள் பக்கத்து வீட்டில்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்கு இதைவிடச் சந்தோசமான செய்தி வேறென்ன இருக்கும்? இரண்டு கிழவர்களையும் ஒருநாள் சந்திக்க வைக்கவேண்டும் என்று கனவு கண்டபடியே பூரணி கிண்ணியாவுக்குப் படகேறினாள்.

பக்கீர் தேத்தண்ணி கொடுத்துக் கதை சொன்னார். அதே ஜெட்டி, அதே துரை. ஒருவரும் காட்டிக்கொடுக்காத இடத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. பூரணியே ஆவலோடு எடுத்துக்கொடுத்தாள். தான் அருளம்பலத்தின் மகள் என்றும் சொன்னாள். கிழவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அது இல்லாமல் தன் ஆய்வு நிறைவேறாது என்று அவள் விடாப்பிடியாக நின்றாள்.

"உங்கட வாப்பா வாயால ஒண்டும் சொல்லல்ல மகள்," என்றார் பக்கீர். "துரை என்னக் காட்டி, இவனாண்டு கேட்டான். அவர் தலைய ஆட்டினார்."

அன்றைக்கே பக்கீருக்கு வேலை போனது. அப்பாவுக்கு ஸ்டோரில் கதிரை போட்ட உத்தியோகம் கிடைத்தது. அந்த உத்தியோகச் சம்பளத்தில்தான் பூரணி படித்தாள்.

திரும்பி வருகையில் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பக்கீருக்குச் செய்தது ஒருநாள் துரோகம். தன்னையோ பிறந்ததிலிருந்து அல்லவா ஏமாற்றியிருக்கிறார்!

வாசலிலேயே அப்பா மறித்து, எல்லாம் எழுதியாயிற்றா, தன் பெயர் வருகிறதா என்று கேட்டார்.

"ஓம். பக்கீர் ஐயாவின்ர பேரும் வருது. இண்டைக்குக் கண்டு கதைச்சனான்."

அப்பாவின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"அவரைக் காட்டிக் குடுத்தது நீங்களோ அப்பா?"

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. சொன்னால் இப்போதும் நம்பியிருப்பாள்.

அப்பா வாய் திறக்கவில்லை. ஓமென்று தலையை மட்டும் ஆட்டினார்.