பூசை போட்ட கம்பி

மின்சாரமே கொடுக்காதபோது காந்தமானியின் முள் எதற்கு விலக வேண்டும்? பேராசிரியை அடைக்கலமேரிக்கு மூன்று நாளாக இதே தலைவலி. எஃகுக் கம்பியில் காந்தம் எப்படி ஏறுகிறது என்று அளக்க, முதலில் அது வெறும் கம்பியாக இருக்க வேண்டுமே!

"ஆயுத பூசைக்கு எல்லாத்தயும் அந்தப் பெரிய காந்தத்துக்குப் பக்கத்துல அடுக்குனேன் மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர் பெரியண்ணன்.

அடைக்கலமேரிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. மின்னோட்டத்தை மாற்றி மாற்றித் திருப்பி, சிறிது சிறிதாகக் குறைத்து, கம்பியிலிருந்த காந்தத்தை இறக்கினார். மாலை நான்கு மணிக்குத்தான் முள் பூஜ்ஜியத்துக்கு வந்தது. ஆலங்குடி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. முகம் கழுவிவிட்டு வந்து அளக்கலாம் என்று போனார்.

திரும்பியபோது மேசையில் கம்பி இல்லை.

"உருண்டு விழுந்துரும்னு காந்தத்துலயே ஒட்ட வச்சிட்டேன் மேடம். இனி அசையாதுங்க."