தோர்பேகையின் வாய்

"வலப்பக்கம் முதல்ல," என்றாள் ஹவா பீபி. "மெதுவா ஊத்து. சூடு பாத்தியா?"

பஸ்மினா செம்புத் தண்ணீரைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்துவிட்டுத் தோர்பேகையின் தோளில் ஊற்றினாள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சின்ன அறை அது. வாசலுக்குப் பழைய கம்பளம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். முற்றத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் பஸ்மினாவின் அண்ணனும் தோர்பேகையின் கணவனுமான ஜன்தாத் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கூரையில ஆப்ரிகாட் காயப்போடப் போனா. கால் வழுக்கிடுச்சு. அல்லாவோட நாட்டம்."

முதுகைக் கழுவுவதற்காக உடலை ஒருக்களித்தபோது பஸ்மினாவின் கை நின்றது. முதுகு முழுக்கத் தழும்புகள். வெளுத்துப் போனவற்றின் மேல் சிவந்தவை, அவற்றின் மேல் இன்னும் காயாதவை. ஒரு விலா எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அதற்குக் கீழே, கருநீலமாக, ஒரு செருப்பின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது.

"பீபி, இது விழுந்த அடியா?"

"நான் கழுவறவ. பாக்கறவ இல்ல." பிணம் கழுவியே வயதாகிப்போன அவள் முகத்தைத் தூக்காமலே சொன்னாள். "நிறுத்தாதே பொண்ணே. தண்ணிய ஊத்து."

பஸ்மினா ஊற்றினாள்.

பஸ்மினாவும் தோர்பேகையும் ஒரே தெருவில் ஒன்றாய்ச் சுற்றியவர்கள்; தோர்பேகையின் வீட்டார் பிறகுதான் தொலைவில் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். கல்யாணமும் ஒன்றாகத்தான் நடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஜன்தாத்துக்குத் தோர்பேகை, தோர்பேகையின் அண்ணன் மிராஜானுக்குப் பஸ்மினா. ஒரே முல்லா, ஒரே நாளில் இரண்டு நிக்காஹையும் ஓதி முடித்தார். அன்று மிராஜான் அவளிடம் கோபமில்லாமல், வீட்டில் சாவி எங்கே இருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னான்: "உங்க அண்ணன் என் தங்கச்சிய எப்படி வெச்சுக்கறானோ, அப்படித்தான் நீயும் இங்க இருப்பே. அவ அடி வாங்கினா நீயும் வாங்குவே. ஊர் வழக்கம்."

அவன் ஒருநாளும் கை ஓங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பஸ்மினாவால் அடக்கிவைக்க முடிந்ததில்லை. ஈத் பெருநாளுக்குத் தோர்பேகை பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் அவளை இழுத்து உட்காரவைத்துச் சொல்வாள்: "உங்கண்ணன் தங்கம்டீ. ஒரு அதட்டல்கூடக் கிடையாது."

தோர்பேகை சிரிப்பாள். "உங்கண்ணன் மட்டும் என்னவாம்? நமக்கு அதிர்ஷ்டம்டீ."

ஒரு தடவை கையில் கட்டோடு வந்தாள். மாடு முட்டிவிட்டது என்றாள். இன்னொரு தடவை, ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "பொம்பளைங்க போய்ப் புகார் சொல்ற ஆபீஸ் ஒண்ணு டவுன்ல இருந்துச்சே, இப்பவும் இருக்கா?" பஸ்மினா சிரித்துவிட்டாள். "எந்த உலகத்துல இருக்கே? ஆட்சி மாறின அன்னிக்கே மூடிட்டாங்க. இப்ப அங்க கோதுமை மூட்டை அடுக்கியிருக்காங்களாம்." எதற்குக் கேட்கிறாய் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோர்பேகையும் மாவைத் தட்டத் தொடங்கிவிட்டாள்.

ஹவா பீபி கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னலிட்டு முடித்ததும், உடலைச் சுற்றும் கஃபன் துணி கேட்டுப் பஸ்மினா கம்பளத்தை விலக்கினாள். துணியை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே நாஸோ நின்றிருந்தாள். தோர்பேகையின் மகள். பன்னிரண்டு வயது. பஸ்மினா அவளுக்கு இரண்டு வழியிலும் அத்தை.

"அம்மா எப்படிடா விழுந்தா?" என்று பஸ்மினா காதோடு கேட்டாள்.

நாஸோ முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "விழல அத்தை. என்னை ஸர்கூன் வீட்டுக்குக் குடுக்கமாட்டேன்னு அம்மா சொன்னா. அதுக்குத்தான் அப்பா..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னா அம்மா."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முக்கியமா. உங்களுக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மாமா உங்கள அடிப்பாராம். நம்ம அத்தை அடி வாங்கிப் பழகாதவ, தாங்கமாட்டான்னு சொல்வா."

பஸ்மினா துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தோர்பேகையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஹவா பீபி தாடையை மூடி ஒரு துணிக்கீற்றால் தலையோடு சேர்த்துக் கட்டினாள்.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் மிஞ்சிய பெண்கள் அழுது ஓய்ந்து பேசத் தொடங்கினார்கள். ஜன்தாத்தின் சித்தி பச்சைத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பதாம் நாள் கழியட்டும். ஸர்கூன் தன் மகளை நம்ம ஜன்தாத்துக்குக் குடுக்கறானாம். நாஸோவ அவன் எடுத்துக்கறானாம். முன்னாடியே பேசினதுதானே."

"ஸர்கூனுக்கு அம்பது வயசு சித்தி," என்றாள் பஸ்மினா.

"அவன் பல்லு எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் சித்தி. யாரோ சிரித்தார்கள்.

நாஸோ மூலையில் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்மினா எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். கபரஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பும்வரை அங்கேயே நின்றாள். மிராஜான் கைகால் கழுவ வந்தான். நகங்களில் மண் இருந்தது.

"உங்க தங்கச்சி கூரையிலேர்ந்து விழல."

"யாரு சொன்னா?"

"நான்தான் கழுவினேன்."

ஒன்று விடாமல் சொன்னாள். முதுகு, விலா, செருப்பு, ஸர்கூன். வெளுத்த தழும்புகளைப் பார்த்தால் கல்யாணமான வருஷத்திலிருந்தே இருக்கும் என்று சொன்னாள். மிராஜான் அப்படியே குந்தி உட்கார்ந்தான். தலைப்பாகை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதான். அவன் தோளைத் தொடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது எழுந்துவிட்டான்.

"உனக்கு இத்தன நாளா தெரியாது?"

"தெரியாது."

"உன் கூடப் பொறந்தவன். உனக்குத் தெரியாது?"

"அவ என்கிட்ட..."

கன்னத்தில் அறை விழுந்தது. பலமாக இல்லை. அவனே தன் கையை ஒரு கணம் பார்த்தான். இரண்டாவது அறைக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவள் சுவரில் மோதிச் சரிந்தாள்.

"அடிங்க," என்றாள் பஸ்மினா. வாயில் உப்புக் கரித்தது. "வீட்டுக்குப் போயும் அடிங்க. ஆனா நாஸோ இல்லாம இந்த வீட்டு வாசலத் தாண்டாதீங்க."

விருந்தினர் அறையில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். முதலில் மிராஜானின் கத்தல். பிறகு ஜன்தாத்தின் கத்தல். பிறகு தேநீருக்குச் சர்க்கரை கேட்கும் குரல்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

"ரத்தத்துக்கு ரத்தம்னு போனா ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் அழிஞ்சு போவீங்க," என்றது ஒரு முதிய குரல். "பொண்ணு தாய்மாமன் வீட்டுக்குப் போகட்டும். அவளை எங்க குடுக்கறதுங்கறது இனி மிராஜான் பாடு. கூட ரெண்டு ஆடு. விழுந்து செத்தவ விழுந்து செத்தவளாவே இருக்கட்டும். இந்தப் பேச்சு இந்த அறையோட முடிஞ்சுது."

மற்றவர்கள் ஆமீன் சொன்னார்கள்.

கிளம்பும்போது ஜன்தாத் வாசலில் நின்றான். "கூடப் பொறந்தவளாடீ நீ? நாஸோ போனா ஸர்கூன் பொண்ணும் வரமாட்டா. என் வீட்டுல பொம்பளையே இல்லாமப் பண்ணிட்டே. செத்தாலும் இந்தப் பக்கம் வராதே."

பஸ்மினா புர்காவை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

மிராஜான் மூன்று சக்கர வண்டியை ஓட்டினான். வழக்கமாகப் பள்ளம் வரும்போதெல்லாம் "பிடிச்சுக்க" என்று பின்னால் குரல் கொடுப்பான். இன்று ஒரு பள்ளத்துக்கும் கொடுக்கவில்லை. பின்தட்டில் பஸ்மினாவும் நாஸோவும், கால் கட்டிய இரண்டு ஆடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து சரிந்து எழுந்தார்கள். சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. இருந்தும் பஸ்மினா முகத்திரையைத் தூக்கவில்லை. நாஸோ அவளை ஒட்டி உட்கார்ந்து ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சால்வை நுனியை ஓர் ஆடு மென்றுகொண்டே வந்தது. அவள் அதை இழுக்கவில்லை.