ஊதுபத்தி கொளுத்தும் நேரம்

நிசார் பாய்க்கு நாலு ஆம்னி வேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பெண்களை ஏற்றி இறக்குவதுதான் அவற்றின் வேலை. அதில் ஒன்றை நான் ஓட்டினேன். இரண்டாயிரத்து நாலில் நாலையும் ஒரே மெக்கானிக்கிடம் விட்டு கேஸுக்கு மாற்றினார். பின் சீட்டுக்கு அடியில் டேங்க். "புகையும் கம்மி, செலவும் கம்மி. இனிமே பெட்ரோல் பங்க் பக்கமே போவாத ஆபேல்" என்றார். நானும் ஸ்தோத்திரம் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

டேனரி வண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. தோல் நாற்றம் ஒட்டிய புடவையோடு வீட்டுக்குப் போனால் மாமியார்கள் முகம் சுளிப்பார்கள் என்று, சாயங்காலம் பாதி வழியில் டிரைவர் ஊதுபத்தி கொளுத்துவான். எங்கள் மூக்குக்கு அந்த நாற்றம் எட்டிப் பல வருஷம் ஆகிறது. நாலில் இன்னொன்றை ஓட்டும் என் தோஸ்த் ரஃபி அகமது வாணியம்பாடிப் பள்ளிவாசல் பக்கம் நிறுத்துவான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் வண்டிக்குள் பத்தியைக் கொளுத்திவிட்டுத் தொழப் போவான்.

ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது ரஃபியின் வண்டி முன்னால் போய்விட்டது. அதில்தான் என் மகள் அக்சா இருந்தாள். பிளஸ் டூ முடித்து டேனரியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வண்டியில் ஏறினால் வழியெல்லாம் கத்துவேனாம், அதனால் அவன் வண்டியில் பின் சீட்டு ஜன்னலோரம். கத்துகிறவன்தான் நான், என்ன செய்ய?

மின்னூர் தாண்டியதும் தேவகி ஆரம்பித்தாள். கலவையிலிருந்து நாட்றம்பள்ளிக்குக் கல்யாணமாகி வந்தவள், வேலைக்குப் புதுசு.

"அண்ணா, நாத்தம் அடிக்குது."

"தோல் நாத்தம்மா. ஆம்பூருக்கு வேலைக்கு வந்தா மூக்கை வூட்லயே கழட்டி வெச்சிட்டு வரணும்" என்றேன். வண்டியே சிரித்தது.

"அது இல்லண்ணா. கேஸ் அடுப்பைத் தொறந்து வுட்டா வருமே, அந்த நாத்தம்."

"புது டேங்க்கு இன்னாத்துக்கும்மா ஒழுவும்? பேஜார் பண்ணாத."

அவள் வாயை அடைக்கவே ஓரமாக நிறுத்திப் பத்தியை எடுத்தேன். தீப்பெட்டியைத் திறப்பதற்குள் எட்டிப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். "கொளுத்தினா எல்லாரும் செத்துடுவோம்ணா!" என்று அலறினாள். அவள் கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்ததைப் பார்த்துதான் எல்லாரையும் இறக்கினேன்.

அவளே சாப்பாட்டுப் பையிலிருந்த சோப்புத் துண்டைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்துக் கொடுத்தாள். டேங்கும் பைப்பும் சேருகிற இடத்தில் ஊற்றினேன். குபுகுபுவென்று நுரை கிளம்பியது. மூக்கை ஒட்ட வைத்து மோந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஐயோ, ரஃபியின் வண்டி! அதே மெக்கானிக், அதே பைப்பு. என் குழந்தை அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு போகிறாள்.

வால்வை மூடினேன். பெட்ரோலும் இல்லாத வண்டி அங்கேயே நின்றது. ரஃபியிடம் செல்போன் கிடையாது. வானம் சிவந்துவிட்டது, கை காட்டிய லாரி ஒன்றும் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியின் குறுக்கே போய் விழுந்தேன். "என் பொண்ணு செத்துப் போய்டுவா சார்!" என்றேன். அந்த மனுஷன் தோல் துண்டு மூட்டையை ரோட்டிலேயே தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். அவர் நல்லா இருக்கணும். ஆனால் அந்த வண்டி போன வேகத்துக்கு, இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஏசப்பா, அந்தப் பாங்கைக் கொஞ்சம் நிறுத்தி வை என்று வாய்விட்டுக் கத்தினேன். அல்லாவையும் கெஞ்சினேன். யார் காதில் விழுந்தாலும் சரி.

வாணியம்பாடிக்குள் நுழையும்போதே பாங்கு ஆரம்பித்துவிட்டது.

ரஃபி வண்டிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றான். கையில் பத்தி. ஒரு குச்சியை உரசினான், பிடிக்கவில்லை. இன்னொன்றை எடுத்தான். "ரஃபீ!" என்று கத்தினேன், பாங்குச் சத்தத்தில் கேட்கவில்லை. ஓடிப்போய் அவன் கையைத் தீப்பெட்டியோடு அமுக்கி, அவனையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன்.

"டேய் ஆபேல், பைத்தியமா உனக்கு?"

எல்லாரையும் இறக்கி, சீட்டைத் தூக்கி, மீதிச் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். அதே நுரை. ரஃபி குனிந்து மோந்தான். "ஒண்ணும் தெரியலியேடா" என்றவன், நுரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு பெண்ணாக வந்து மோந்தார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை.

வால்வை மூடிவிட்டு அக்சாவைப் பார்த்தேன்.

"நேத்து சேந்த தேவகிக்குத் தெரியுது. நீ அது மேலயே உக்காந்துனு வந்தியேம்மா, உனக்குமா தெரியல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியலப்பா. அம்மா வெக்கிற மீன் கொழம்புகூட. சொன்னா நீ கத்துவேன்னு சொல்லல."

நான் கத்தவில்லை. உயிரோடு கிடைத்த பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொழப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, நடுரோட்டில் அழுதேன்.